மயில்மேல் அமர்ந்தவர்: விசுவநாததாஸும் சாதியின் மேடையும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் மாளிகையை அடுத்து நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தை மாநகராட்சி அண்மைக் காலத்தில் பெரும் பொருட்செலவில் சீரமைத்தது. விக்டோரியா அரசியின் பொன்விழா நினைவாகப் பெயர் பெற்ற இம்மண்டபத்தை வடிவமைத்தவர் இராபர்ட் சிஷோம். கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். 1891ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கே அரங்கேறின. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் பொழுதுபோக்காக வேடம் கட்டிய சபை அது. நாடகத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்களோடு தம்மைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது என்பதில் இத்தகைய சபைகள் கருத்தாக இருந்தன.

பழைய அரங்குகள் மீட்கப்படுவதும், அவற்றில் மீண்டும் பாட்டும் இசையும் ஒலிப்பதும் வரவேற்கத்தக்கவை. ஆனால் கல்லும் சுண்ணாம்பும் மீளும்போது எந்த நினைவுகள் உடன் மீள்கின்றன, எவை வெளியே நிறுத்தப்படுகின்றன என்று கேட்பது நம் கடமை. அக்கேள்விக்கு விடை தேட உதவும் வாழ்க்கைகளுள் ஒன்று, தமிழ் நாடக மேடையின் பெரும் பாடகரும் விடுதலைப் போராளியுமான விசுவநாததாஸின் வாழ்க்கை.

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று சிவகாசியில் பிறந்தார். பெற்றோர் சுப்பிரமணியம், ஞானாம்பாள். பின்னாளில் மதுரையை அடுத்த திருமங்கலமே அவருடைய ஊராயிற்று. அவர் பிறந்தது மருத்துவர் சமூகத்தில். முடி திருத்துவதோடு நாட்டு மருத்துவமும் பேறுகாலம் பார்ப்பதும் இச்சமூகத்தின் தொழில்களாக இருந்தன. பல ஊர்களில் நாகசுரமும் தவிலும் இவர்கள் கையில் இருந்தன. பிறப்பு முதல் இறப்பு வரை ஊரின் எந்தச் சடங்கும் இவர்கள் இல்லாமல் நிறைவுறாது. ஆயினும் இவர்கள் கை பட்டால் தீட்டு என்றது சாதி.

இம்முரண்பாட்டின் சுவடு ஒன்று திருவண்ணாமலையிலும் உண்டு. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், வேங்கடராமன் என்னும் பதினாறு வயது இளைஞர் மதுரையிலிருந்து அந்நகருக்கு வந்து சேர்ந்தார். அவரே பின்னாளில் ரமணர் என்று உலகறிய விளங்கியவர். வந்த அன்றே அய்யங்குளக் கரையில் நாவிதர் ஒருவர் அவருடைய குடுமியை மழித்தார். மழித்தபின் நீராடுவது பார்ப்பன ஆசாரம். நாவிதரின் தொடுகையால் வந்த தீட்டைக் கழுவுவது அதன் உட்பொருள். இளைஞர் குளிக்கவில்லை. கோயிலுக்குத் திரும்பும் வழியில் மழை பெய்து அவரை நனைத்தது என்று அவருடைய வரலாறுகள் கூறுகின்றன. அதனை இறைவனே ஆட்டிய திருமுழுக்காகவும் கொண்டாடுகின்றன. தொடுகையைப் பொருட்படுத்தாத இளைஞரின் செயலைக் காட்டிலும், தொடுகையைக் கழுவிய மழையே கதையில் பெரிதாகிவிட்டது. துறவுக் கோலத்தை அவருக்கு அளித்த கைகளுக்கு உரியவர் பெயரில்லாமல் நிற்கிறார். இன்று ரமணாசிரமப் பகுதிக்கு உலகெங்கிலுமிருந்து வருவோர் அந்த மழையின் கதையைக் கேட்டுச் செல்கின்றனர்.

அந்த ஆண்டில் விசுவநாததாஸுக்குப் பத்து வயது. குலத்தொழிலுக்கு வெளியே அவருக்குக் கிடைத்த பாதை குரல் ஒன்றுதான். சங்கரதாஸ் சுவாமிகள் புராணக் கதைகளையும் காப்பியக் கதைகளையும் பாட்டாலும் வாதத்தாலும் மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி விடியவிடியப் பாட வேண்டும். அன்றைய நாடகம் வெகுமக்களுக்குக் கிடைத்த கச்சேரியும் ஆகும். சபா அரங்குகளுக்குள் நுழைய வழியற்ற உழவரும் கூலித் தொழிலாளரும் இராகங்களைக் கேட்டுச் சுவைத்தது இக்கொட்டகைகளில்தான். அந்த மேடையில் விசுவநாததாஸ் முன்னணி நடிகராக உயர்ந்தார். அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த வேடம் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன்.

புகழ் உயர்ந்தும் சாதி விடவில்லை. நாவிதர் குலத்தில் பிறந்தவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று நடிகையர் பலர் மறுத்தனர். இம்மறுப்பின் வலிமையை உணர, அக்காலத்தில் பரவியிருந்த ஸ்பெஷல் நாடக முறையை அறிய வேண்டும். இம்முறையில் நிலையான குழு கிடையாது. நடிகர், நடிகை, பபூன், ஆர்மோனியக் கலைஞர், மிருதங்கக் கலைஞர் என ஒவ்வொருவரும் ஓர் இரவுக்குத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுவர். கதையும் பாடல்களும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், ஒத்திகையின்றியே மேடையில் சந்தித்து ஆடுவர். திறமைக்கேற்ப ஊதியம் பெறும் சுதந்திரத்தைக் கலைஞருக்குத் தந்த முறைதான் இது. அதே சமயம், உடன் நடிப்பவரைச் சாதி பார்த்து விலக்கும் வாய்ப்பையும் இதுவே தந்தது. வள்ளி வர மறுத்தால் அன்றைய நாடகம் இல்லை. நாடகம் இல்லையெனில் கூலியும் இல்லை. மறுத்த நடிகையரும் பெரும்பாலும் சமூகம் இழிவாக நோக்கிய பின்னணியினரே. இழிவு சுமத்தப்பட்டவர்கள் தமக்குக் கீழே ஒருவரைத் தேடும் இந்த நிலையைத்தான் அம்பேத்கர் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார்.

மறுக்கப்பட்ட நாடகம் எது என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். வள்ளி குறவர் குடியில் வளர்ந்த பெண். அவளைத் தேடிக் கடவுள் தினைப்புனத்துக்கு வருகிறார். வேடனாகவும் கிழவராகவும் வேடம் பூண்டு கெஞ்சுகிறார். இறுதியில் மணம் புரிகிறார். குல எல்லையைக் கடக்கும் காதலை ஊரே கூடி விழாவாகக் கொண்டாடும் கதை அது. திருவண்ணாமலையில் பிறந்ததாகக் கருதப்படும் அருணகிரிநாதரும் தம் திருப்புகழில் வள்ளியின் மணாளனை மீண்டும் மீண்டும் போற்றினார். கதைக்குள் கடவுள் குலம் பாராமல் மணக்கலாம். அக்கடவுளின் வேடத்தை மருத்துவர் குலத்தவர் அணிந்தால் மட்டும் வள்ளியாக நிற்க ஆளில்லை. சமத்துவத்தைக் கதையளவில் கைதட்டி வரவேற்பதும், அதையே வாழ்க்கையில் மறுப்பதும் சாதிச் சமூகத்துக்கு ஒருசேர இயல்வதாயிற்று.

மறுத்தவர்களிடையே துணிந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவர் கே.பி.ஜானகியம்மாள். விசுவநாததாஸுடன் இணைந்து நடித்து, விடுதலைப் பாடல்களைப் பாடிச் சிறை சென்ற அவர், பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரானார். 1967ஆம் ஆண்டில் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேடையில் சாதி மறுத்து நின்றது அவருடைய அரசியலின் தொடக்கங்களுள் ஒன்று.

விசுவநாததாஸின் போராட்டம் சாதியோடு நிற்கவில்லை. புராண நாடகத்தின் நடுவே காலனி ஆட்சியைச் சாடும் பாடல்களை அவர் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய தேசியப் பாடல்கள் இத்தகைய மேடைகளில்தான் ஊர் ஊராகப் பரவின. வள்ளி பறவைகளை விரட்டும் தினைப்புனக் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றி அவர் பாடும்போது, விரட்டப்பட வேண்டிய வெள்ளை எது என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கியது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துச் சட்டம் அரசுக்குத் தடை அதிகாரம் வழங்கியிருந்தது. காவல் துறையினர் கொட்டகைகளில் காத்திருந்தனர். அவர் பலமுறை கைதாகிச் சிறை சென்றார். வெளியே வந்ததும் அதே பாடலை மறுபடி பாடினார். கைதுகளும் தடைகளும் வருவாயைக் குலைத்தன, கடன் சூழ்ந்தது.

தேசிய இயக்கம் அவருடைய குரலை மகிழ்ந்து ஏற்றது. எனினும் அவர்மீது சுமத்தப்பட்ட இழிவை நீக்குவதற்கு அதே அளவு முனைந்ததா என்ற கேள்வி எஞ்சுகிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். விசுவநாததாஸ் வாழ்ந்த திருமங்கலத்துக்கு வெகு அருகில் நிகழ்ந்த மாற்றம் அது. அப்போது அவர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கடவுளின் வேடத்தில் மேடையேறிக்கொண்டிருந்தவர்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாஸின் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 54. அது மார்கழி மாதம். நகரின் சபாக்களில் இசை விழாக்கள் நடைபெறும் பருவம். சபா மேடைகள் அவருக்கு உரியவையாக இருந்ததில்லை. கட்டணக் கொட்டகையே கடைசி வரை அவருடைய இசை அரங்கு.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. விசுவநாததாஸ் மறைவதற்கு முந்தைய ஆண்டில், அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் பாட இடம் மறுக்கப்பட்டது. 1939 ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகப் படிகளில் நின்று, ஏறத்தாழ 75,000 பேர் முன்னிலையில் அவர் பாடினார். அங்கே மறுத்தது மண்டபத்தின் உரிமையாளர் சங்கம். அதை எதிர்த்து நாடே பேசியது. விசுவநாததாஸுக்கு எதிரான மறுப்போ ஒவ்வோர் இரவும் சத்தமின்றி நிகழ்ந்தது. அதற்குக் கடிதமும் இல்லை, தீர்மானமும் இல்லை. எதிர்த்து முறையிட ஒரு வாயில் இல்லாதபடி இயங்குவதே சாதியின் ஆற்றல்.

இவ்வாழ்க்கையை நினைவுகூரும் நாம் இன்னொரு உண்மையையும் மறைக்கலாகாது. விசுவநாததாஸ் தலித் அல்லர். மருத்துவர் சமூகம் இன்று மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளது. தலித்துகளுக்கு முடி திருத்தக் கூடாது என்ற ஊர்க் கட்டளையை நிறைவேற்றும் கருவியாக அச்சமூகத்தையே ஆதிக்கச் சாதியினர் ஆக்கினர். கட்டளையை மீறும் தொழிலாளியின் பிழைப்பு போய்விடும். தலித்துகளுக்கு முடி திருத்த மறுக்கும் செய்திகள் இன்றும் வருகின்றன. இழிவைச் சுமப்பவர் கையிலேயே அடுத்தவர்க்கான இழிவைத் திணிக்கும் ஏற்பாடு இது. மேடையில் விசுவநாததாஸை மறுத்த நடிகையரும் இந்த ஏணியின் ஒரு படியில் நின்றவர்களே. எனவே அவர் வாழ்க்கையை ஒரு சமூகத்தின் தனிப் பெருமையாக ஒதுக்கிவிடாமல், ஏணி முழுவதையும் காட்டும் சான்றாக நாம் படிக்க வேண்டும்.

ஏணி இன்னும் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் உடன் வந்த பிறகே. வள்ளி மணாளனின் புகழ் பாடப்படும் நகரிலிருந்து சிறு தொலைவிலேயே அவ்வூர் உள்ளது.

திருமங்கலத்தில் விசுவநாததாஸ் வாழ்ந்த வீடு அரசின் நினைவு இல்லமாக இருக்கிறது. அது வேண்டியதே, ஆனால் பாடகருக்கு உரிய நினைவிடம் மேடை. மாநகரங்களில் பொதுப்பணத்தால் சீரமைக்கப்படும் ஒவ்வொரு பழைய அரங்கும் பொதுச்சொத்து. அங்கே யார் பாட அழைக்கப்படுகிறார்கள், நுழைவுக் கட்டணம் யாரைத் தடுக்கிறது, எந்தக் கலை அரங்கிசையாகவும் எந்தக் கலை வெறும் வரவேற்பு முழக்கமாகவும் வைக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. பறையும் நாகசுரமும் விருந்தினரை வாயிலில் வரவேற்றுவிட்டு வெளியே நின்றுவிடக் கூடாது. அவை உள்ளே முழுநேரக் கச்சேரியாக ஒலிக்க வேண்டும். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் வள்ளி திருமணம் ஆடிவரும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கு அம்மேடைகள் திறக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவில், இசைப் பருவத்தின் நடுவே, மீட்கப்பட்ட அரங்கொன்றில் கட்டணமின்றி அந்நாடகம் நிகழட்டும். கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் மாநகராட்சிகளிடமும் பண்பாட்டுத் துறையிடமும் முன்வைக்க வேண்டிய கோரிக்கை இது. அன்றைக்கு மயில்மேல் அமரும் கலைஞரின் சாதியைக் கேளாமல் வள்ளி அருகே வந்து நிற்பாராயின், அந்த அரங்கு உண்மையில் மீட்கப்பட்டது என்று சொல்லலாம்.