அண்ணல் அம்பேத்கரின் பின்னிரவுப் படிப்பு

பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டிய ஓரறை வீடுகளிலிருந்து நம் பள்ளிக்கு வரும் மாணாக்கர், வீட்டில் அமர்ந்து படிக்க இடமில்லை என்பர். அதனைச் சாக்கு என்று நாம் ஒருநாளும் தள்ளியதில்லை. அவர்களுக்கு நாம் எடுத்துரைக்கும் வரலாறு ஒன்று உண்டு.

அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14இல் மோவ் படை முகாமில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். பின்னாளில் குடும்பம் பம்பாய்க்கு வந்து, பரேலில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த கட்டடமொன்றில் ஓர் அறையில் குடியிருந்தது. சமையலும் உறக்கமும் அவ்வறையிலேதான். தலைமாட்டில் திரிகை, கால்மாட்டில் ஆடு! இரைச்சலை நிறுத்த இயலாத தந்தையார் நேரத்தை மாற்றினார். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, தாம் விழித்திருந்து, இரவு 2 மணிக்கு அவரை எழுப்பிவிட்டே படுப்பார். ஊர் அடங்கிய அந்த வேளையில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாடம் நடக்கும். மகன் நூல் கேட்டால், மணமாகிச் சென்ற பெண்மக்களிடம் கடன் பெற்றேனும், அவர்தம் நகையை அடகு வைத்தேனும் வாங்கித் தருவார். 1907இல் அண்ணல் மெட்ரிகுலேஷன் தேறினார். அவர் கல்வியைப் போற்றும் நாம், அவருக்காகக் கண்விழித்தவரை மேடைகளில் மறந்து விடுகிறோம். சென்ற ஆண்டு நம் மாணவி ஒருத்தியின் தந்தையார், இரவில் கைப்பேசியைத் தம் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, விடியற்காலை 4 மணிக்கு மகளை எழுப்பி வந்தார். அவரை நாம் மறவோம்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையால் அண்ணல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916இல் இலண்டன் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பணியேற்றும், சாதியின் காரணமாகத் தங்க ஓர் இடம் கிட்டவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தார். நண்பரிடம் கடனும் பெற்று 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

இம்முறை ஒரு நாழிகையையும் அவர் வீணாக்கவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்குக் காலையிலேயே சென்று, மாலையில் மூடும்வரை இருக்கையை விட்டு எழார். நண்பகல் உணவையும் பெரும்பாலும் தவிர்த்தார். விடுதியில் கிடைத்த இரவு உணவோ மிகச் சொற்பம். பின்னிரவுப் பசிக்குச் சுட்ட அப்பளமே துணை. உணவைக் குறைத்துப் படிக்குமாறு நாம் எந்தப் பிள்ளைக்கும் கூறமாட்டோம். பணம் தீருமுன் படிப்பை முடித்தாக வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்காக 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

பின்னர் பம்பாய் தாதரில் இராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டியபோது, நூல்களுக்கென அதில் தனியிடம் ஒதுக்கினார். 1956 டிசம்பர் 5 இரவு, தில்லி இல்லத்தில், புத்தரும் அவர் தம்மமும் என்ற நூலுக்கான முன்னுரையைத் தம்மிடம் கொணரச் செய்து வைத்துக்கொண்டார். அன்றிரவு உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. நூல் 1957இல் வெளிவந்தது.