சௌமியமூர்த்தி தொண்டமான்: வாக்குரிமையும் கட்சியும்

மாணவர்களே, மொழி, வர்க்கம், பிரதேசம் என்னும் சமூகப் பிரிவுகளிலிருந்தே பெரும்பாலான கட்சிகள் தோன்றுகின்றன. ஆனால் ஒரு பிரிவினருக்கு வாக்குரிமை இல்லாவிட்டால் அவர்களின் கட்சி என்னவாகும்? இதனைத் தொண்டமானின் வாழ்க்கை மூலம் விளங்கிக்கொள்ளுங்கள்.

இளமை
இவர் 1913 ஆகஸ்ட் 30 இல் தமிழ்நாட்டில் பிறந்தார். தந்தை கருப்பையா இறம்பொடை வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளர். மகன் கண்டி மாவட்டத்தின் கம்பளையில், புனித அந்திரேயர் கல்லூரியில் கற்றார். தோட்ட உரிமையாளரின் மகனே பின்னர் தொழிலாளரின் தலைவரானார் என்பதைக் கவனியுங்கள்.

கட்சியின் எழுச்சி
1939 இல் நேருவின் இலங்கை வருகையையொட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. தொண்டமான் அதன் கம்பளைக் கிளைக்குத் தலைமை தாங்கினார். தோட்டங்களில் அதன் தொழிற்சங்கமும் வேரூன்றியது. 1947 பொதுத் தேர்தலில் இக்கட்சி 7 ஆசனங்களை வென்றது. தொண்டமான் நுவரெலியாவிலும், கே. இராஜலிங்கம் நாவலப்பிட்டியிலும், சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் தெரிவாகினர்.

உரிமை பறிப்பு
தோட்டங்களால் நிலம் இழந்த கண்டிச் சிங்களவரின் தலைவர்கள், பிரதிநிதித்துவமும் கைநழுவுமென அஞ்சினர். தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு உதவியமை ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்திற்கும் கவலை தந்தது. 1948 பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலான மலையகத் தமிழர் நாடற்றவராகினர். 1949 தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையையும் இழந்தனர். 1952 இல் கட்சி சத்தியாக்கிரகம் நடத்தியும் பயனில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் அதற்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை.

இப்பிரச்சினை வடக்கின் கட்சியையும் பிளந்தது. தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியை அமைத்தார்.

மீட்சி
வாக்கு இல்லாதபோதும் சந்தா செலுத்தும் அங்கத்தவர் இருந்தனர். எனவே இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் தொழிற்சங்கமாக இயக்கம் நிலைத்தது. 1960 இல் தொண்டமான் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பல குடும்பங்கள் பிரிந்தன. உங்கள் வீட்டு முதியோரும் இதனை அறிந்திருக்கலாம். 1977 இல் நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் வென்ற அவர், 1978 இல் அமைச்சரானார். 1988 சட்டம் எஞ்சியோரில் பெரும்பாலோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. 1999 ஒக்டோபர் 30 இல் அவர் காலமானார்.

நினைவிற் கொள்க
• சமூகப் பிரிவு கட்சியைத் தோற்றுவிக்கும். வாக்குரிமையே அதற்கு ஆசனம் தரும்.
• விடையில் ஆண்டுகளை மட்டும் அடுக்காது, காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்தி எழுதுங்கள்.

பயிற்சி வினா
1947, 1952 தேர்தல் முடிவுகளை ஒப்பிட்டு, மலையகப் பிரதிநிதித்துவம் இல்லாமற் போனமைக்கான இரு காரணங்களை விளக்குக.