மைதானத்தில் ஒரு மறுப்பு

உயர்தரக் கல்வி பெண்களின் தேகத்தைக் கெடுக்கும் என்பது ஒரு காலத்தில் பாமரர் மட்டும் கொண்ட அபிப்பிராயமன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் எட்வர்ட் கிளார்க் 1873-ம் வருஷத்தில் அதைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். இவ்வாதத்தைப் பேச்சினால் மறுத்தவர் பலர். மைதானத்தில் மறுத்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஸெண்டா பெரன்ஸன் அம்மையார். பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் அறியவேண்டிய சரித்திரம் அவருடையது என்று நாம் கருதுகிறோம்.

அம்மையார் 1868-ம் வருஷம், அந்நாளில் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலிருந்த லிதுவேனியாவில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1875-ல் குடும்பம் பாஸ்டனில் குடியேறியது. தந்தையார் பாத்திரங்களைத் தெருத்தெருவாக விற்று ஜீவித்தார். தமையனார் பெர்னார்ட் பெரன்ஸன் பிற்காலத்தில் சித்திரக்கலை விமர்சகராகக் கீர்த்தியடைந்தார். அம்மையாரோ இளமையிலேயே நலிந்த தேகமுடையவர். பியானோ பயில விரும்பியும் முதுகுவலியால் அதைக் கைவிட்டார். தேகபலம் வேண்டி 1890-ல் பாஸ்டனிலிருந்த தேகப்பயிற்சி ஆசிரியைக் கலாசாலையில் சேர்ந்தார். தொடக்கத்தில் வெறுத்த அப்பயிற்சியே அவருடைய ஆயுட்காலத் தொண்டாயிற்று.

1892 ஜனவரியில் மாஸசூஸட்ஸ் ராஜ்யத்து நார்த்தாம்ப்டனிலுள்ள ஸ்மித் மாதர் கலாசாலையில் உபாத்தியாயினியாக அமர்ந்தார். சில வாரங்களுக்கு முன்புதான், அண்மையிலுள்ள ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் வாலிபர்களுக்காகக் கூடைப்பந்தாட்டத்தை வகுத்திருந்தார். அம்மையார் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். 1893 மார்ச் 22-ந் தேதி முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் போட்டியிட்டனர். ஆடவர் பார்க்க அனுமதியில்லை. முதற்பந்து மேலெறியப்பட்டதுமே ஒரு மாணவிக்குத் தோள்மூட்டு விலகிற்று. மூட்டைச் சரிசெய்து, வேறொருத்தியை நிறுத்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

அந்நாளில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த காயம் எல்லாப் பெண்களுக்கும் எதிரான சாட்சியாகிவிடும். ஆட்டத்தில் முரட்டுத்தனம் மிகுந்தால் கலாசாலைக் கதவே அடைபடலாம். ஆகவே அம்மையார் விதிகளை மாற்றினார். ஆடுமிடம் மூன்று பாகமாயிற்று. ஒருத்தி தன் பாகத்தைத் தாண்டலாகாது. பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது. மூன்று விநாடிக்குமேல் பந்தை வைத்திருக்கவும், மூன்று முறைக்குமேல் தட்டிச்செல்லவும் கூடாது. ஒருத்தியே ஆட்டத்தை ஆளாமல் எல்லோரும் சேர்ந்து ஆடவேண்டும் என்பதும் அவர் நோக்கம். 1899-ல் கூடிய கமிட்டி இவ்விதிகளைத் தழுவி மாதருக்கென விதிகளை வகுத்தது. 1901-ல் அவை அம்மையாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அச்சாயின. 1911-ல் ஸ்மித் கலாசாலை ஆசிரியர் ஹெர்பர்ட் அப்பட் என்பவரை மணந்து அங்கிருந்து விலகினார். பின்னர் வேறொரு பெண்கள் பள்ளியில் 1921 வரை பணிபுரிந்தார்.

இத்துடன் நிறுத்தினால் நாம் பாதி உண்மையே சொன்னவராவோம். கலாசாலைகள் ஒன்றோடொன்று பகிரங்கமாகப் போட்டியிடுவதை அம்மையார் விரும்பவில்லை. அவர் இட்ட கோடுகள், அவை தோன்றிய காரணம் மறைந்த பின்னும் மறையவில்லை. மூன்று பாகம் இரண்டாக 1938 வரை காத்திருக்க நேர்ந்தது. கலாசாலை மாதர் ஐவர் கொண்ட அணியாக மைதானம் முழுவதும் ஓடியாடும் உரிமையை 1971-ல்தான் பெற்றனர். ஓக்லஹோமா ராஜ்யத்து உயர்தரப் பள்ளிகளில் பழைய முறை 1995 வரை நீடித்தது. பாதுகாப்புக்கு எழுப்பிய வேலி பின்வந்தோர்க்குச் சிறையாயிற்று.

இதற்காக அம்மையாரைக் குறை கூறுவது நீதியாகாது. மூடிய கதவைத் திறக்க அவர் கொடுத்த விலை அது. கதவு திறந்தபின்னும் அதே விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களே குற்றவாளிகள். எந்தக் கிளர்ச்சியிலும் முதல் வெற்றிக்காக ஏற்ற சமரசத்தைக் காலம் வந்ததும் களைந்தெறியும் துணிவு வேண்டும். அம்மையார் 1954-ல் காலமானார். 1985-ல் நெய்ஸ்மித் பெயரால் விளங்கும் கீர்த்தி மண்டபத்தில் முதன்முதல் இடம்பெற்ற மாதருள் அவரும் ஒருவர். ஆயினும் அவருக்குற்ற மெய்யான ஞாபகச் சின்னம், இன்று கோடு தாண்டி ஓடும் ஒவ்வொரு மாணவியுமே என்போம்.