ஒளியைப் பகுத்த ஹக்கின்ஸ்

இலண்டன் மாநகரில் துணி வணிகம் நடத்திய குடும்பமொன்றில் 1824ஆம் ஆண்டு வில்லியம் ஹக்கின்ஸ் பிறந்தார். இளமையிலேயே கடையின் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. உள்ளமோ அறிவியலையே நாடிற்று. முப்பது வயதளவில் கடையை விற்றுவிட்டு, நகரின் தெற்கே டல்ஸ் ஹில் என்னுமிடத்தில் குடியேறி, வீட்டை ஒட்டியே வானாய்வுக்கூடம் அமைத்தார்.

அக்காலத்து வானியலாரிடையே பெரியதொரு வழக்கு இருந்தது. வானில் வெண்புகை போல் மங்கலாகத் தோன்றும் நெபுலாக்கள் யாவை? ரோஸ் பிரபுவின் பெருந்தொலைநோக்கியில் அவற்றுட் சில, விண்மீன் திரள்களாகப் பிரிந்து தோன்றின. எஞ்சியவையும் அத்தகையனவே எனப் பலர் துணிந்தனர். உருவத்தை மட்டும் நோக்கின் இவ்வழக்குத் தீராது. ஹக்கின்ஸ் ஒளியையே சான்றாகக் கொண்டார். விண்மீனின் ஒளி முப்பட்டைக் கண்ணாடியினூடே செல்லும்போது, செம்மை முதல் ஊதா வரை தொடர்ந்த நிறமாலையாக விரியும்; ஒளிரும் மெல்லிய வாயுவின் ஒளியோ தனித்தனிக் கோடுகளாகவே தோன்றும்.

1864 ஆகஸ்ட் 29ஆம் நாள் இரவு, டிராகோ விண்மீன் கூட்டத்திலுள்ள சிறு நெபுலா ஒன்றின்மீது தம் கருவியைத் திருப்பினார். எதிர்பார்த்த நிறமாலை அங்கு இல்லை. ஒரே ஓர் ஒளிக்கோடு தெரிந்தது. கருவிதான் பிறழ்ந்ததோ என்று ஐயுற்றார். கூர்ந்து நோக்கியபோது, அதனருகே மங்கலான இரு கோடுகளும் புலப்பட்டன. அந்நெபுலா விண்மீன் திரளன்று, வாயுவே என்பது தெளிவாயிற்று. இது தற்செயலாக வாய்த்த பேறு எனக் கருதுதல் பொருந்தாது. அவர் தொடர்ந்து அறுபதுக்கு மேற்பட்ட நெபுலாக்களை ஆய்ந்தார்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வாயுவெனக் கண்டார். ஓரியன் நெபுலா அவ்வகையினது. ஆந்திரமீடாவோ தொடர்ந்த நிறமாலையையே காட்டிற்று.

1875இல் அவர் மணந்த மார்கரெட் அம்மையார் ஆய்விலும் துணைவியானார். 1882இல் ஓரியன் நெபுலாவின் நிறமாலையை ஹக்கின்ஸ் ஒளிப்படமாகப் பதிவு செய்தார். எனினும், முதல்நாள் கண்ட பச்சைக்கோடு எப்பொருளினது என்பது விளங்கவில்லை. நெபுலியம் என்னும் புதுத்தனிமம் ஒன்று உண்டெனக் கருதினர். 1910இல் ஹக்கின்ஸ் மறைந்தார். அக்கோடு, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனுடையது என 1927இல் அமெரிக்க அறிஞர் போவென் காட்டினார்.

நகர விளக்குகளின் நடுவே வானைப் படம்பிடிப்போர் இன்று அப்பச்சை ஒளியையும், ஹைட்ரஜனின் செவ்வொளியையும் மட்டும் உள்ளே விடும் வடிகட்டிகளைப் பொருத்துகின்றனர். முன்னதன் அலைநீளம் 501 நானோமீட்டர். பின்னதன் அலைநீளம் 656. அவ்வடிகட்டிகளுக்கு ஓரியனைப் போன்ற வாயு நெபுலாக்களையே அவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஆந்திரமீடா கோடானுகோடி விண்மீன்களின் தொகுதி. வடிகட்டி அதன் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.