துணியைப் பிடித்து வானில் இருந்து இறங்கிய வீரர்

காந்திகிராமத்தில் நின்று கிழக்கே பார்த்தால் சிறுமலை தெரியும். பெயர்தான் சிறுமலை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்!

அந்த மலை உயரத்தில் இருந்து, ஒரு துணியை மட்டும் நம்பி ஒருவர் கீழே குதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?

எலும்புகூட மிஞ்சாது என்றுதான் சொல்வோம். ஆனால், இந்தியர் ஒருவர் அப்படிக் குதித்தார். உயிரோடு தரையில் இறங்கினார். அவர் குதித்தது மலையில் இருந்து அல்ல. அந்தரத்தில் பறந்த பலூனில் இருந்து! நடந்த இடம் கல்கத்தா. ஆண்டு 1890.

அவர் பெயர் ராமச்சந்திர சட்டர்ஜி. பாரசூட் கட்டி வானில் இருந்து இறங்கிய முதல் இந்தியர் அவரே.

அப்போது ஆகாய விமானமே கிடையாது. ரைட் சகோதரர்கள் விமானம் ஓட்டிக் காட்டியது 1903-ம் ஆண்டில்தான். அதற்கும் 13 ஆண்டுகளுக்கு முன்பே சட்டர்ஜி குதித்துவிட்டார்.

சர்க்கஸ் வீரர்

சட்டர்ஜி ஒரு வங்காளி. கல்கத்தாவில் வாழ்ந்தவர். உடற்பயிற்சியில் கெட்டிக்காரர். சர்க்கஸ் கூடாரத்தில், உயரத்தில் கட்டிய பாரில் தொங்கி விளையாடுவார். கை நழுவினால் ஆள் இல்லை. அப்படிப்பட்ட தொழில்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் வங்காளிகளை ஏளனம் செய்வார்கள். பேனா பிடிக்கத்தான் தெரியும், உடம்பில் வலு இல்லை, நெஞ்சில் துணிவு இல்லை என்று இளக்காரமாக எழுதினார்கள். இது வங்காள இளைஞர்களைச் சுட்டது. நபகோபால் மித்ரா என்ற பெரியவர் 1867-ம் ஆண்டில் இந்து மேளா என்ற விழாவைத் தொடங்கினார். அந்த விழாவில் குஸ்தியும் உடற்பயிற்சியும் நடந்தன. ஊரெங்கும் தேகப்பயிற்சிக் கூடங்கள் தோன்றின. அந்தக் காற்றை மூச்சாக இழுத்து வளர்ந்தவர் சட்டர்ஜி.

ஸ்பென்சர் வந்தார்

1889-ம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்தார். (சென்னையில் பெரிய கடை வைத்திருந்த ஸ்பென்சர் வேறு. இவர் வேறு.) இவருக்குப் பலூன் பறப்பது பரம்பரைத் தொழில். தாத்தா, தகப்பனார், தம்பிமார் எல்லோரும் பலூன்காரர்கள்!

அந்தத் தாத்தாவுக்கு ஒரு பயங்கர அனுபவம் உண்டு. 1837-ம் ஆண்டு, ஜூலை 24-ந் தேதி, லண்டனில் ராபர்ட் காக்கிங் என்பவர் ஒரு புதுமாதிரிப் பாரசூட் செய்தார். குடையைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல இருந்தது அது. பலூனில் தொங்கியபடி மேலே போனார். கயிற்றை அவிழ்த்தார். பாரசூட் நடு வானத்தில் நொறுங்கியது. காக்கிங் விழுந்து மாண்டார். அன்று அந்தப் பலூனில் இருந்த இருவரில் ஒருவர், ஸ்பென்சரின் தாத்தா. அந்தக் குடும்பத்தின் பேரன்தான் பாரசூட்டோடு இந்தியாவுக்கு வந்தார்!

பம்பாயில் வேடிக்கை காட்டிவிட்டு ஸ்பென்சர் கல்கத்தா போனார். குதிரைப் பந்தய மைதானத்தில் ஜனங்கள் வெள்ளம்போலத் திரண்டார்கள். பலூனில் எவ்வளவு வாயு ஏற்றியும் பாரசூட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பவில்லை. ஸ்பென்சர் என்ன செய்தார்? பாரசூட்டைக் கழற்றிப் போட்டார். வெறும் பலூனில் தொற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பலூன் மேகத்துக்குள் மறைந்தது.

பொழுது சாய்ந்தது. ஆள் வரவில்லை. மறுநாளும் தகவல் இல்லை. ஸ்பென்சர் செத்துப்போனார் என்றே கல்கத்தா நினைத்தது. ஆனால், அவர் சுந்தரவனத்தின் பக்கம் இறங்கி, ஆறும் காடுமான அந்தப் பூமியைத் தாண்டித் திரும்பி வந்து சேர்ந்தார்.

ஊரே இதைப் பற்றிப் பேசியது. இவ்வளவையும் கேட்ட பிறகும், சட்டர்ஜி ஸ்பென்சரைத் தேடிப் போனார். பலூன் வித்தையைத் தனக்குக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டார். கல்கத்தாவில் செல்வந்தர்கள் சிலர் அவருக்குப் பொருள் உதவி செய்ய முன்வந்தார்கள். வெள்ளைக்காரர் செய்வதை நம்மவர் ஒருவர் செய்து காட்டட்டும் என்ற ஆசை அவர்களுக்கு!

முதலில் ஸ்பென்சருடன் சேர்ந்து பறந்தார். பிறகு, 1889-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி, தன்னந்தனியாகக் கிளம்பினார். கிளம்பிய இடம் நார்கேல்டாங்காவில் இருந்த காஸ் கம்பெனி மைதானம். கல்கத்தா தெரு விளக்குகளுக்கு வாயு கொடுத்த கம்பெனி அது. நிலக்கரியில் இருந்து எடுத்த அதே வாயுதான் பலூனையும் தூக்கியது. அவர் ஏறிய பலூனின் பெயர் கல்கத்தா நகரம். சோதேபூர் பக்கம் பத்திரமாக இறங்கினார்.

கையே காவல்

பலூனில் பறப்பது ஒன்று. அதை விட்டுக் குதிப்பது வேறு.

அந்தக் காலத்துப் பாரசூட்டை நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். முதுகில் பை கிடையாது. உடம்பைச் சுற்றி வார் கிடையாது. பெரிய வட்டத் துணி ஒன்று. அதன் விளிம்பில் பல கயிறுகள். கயிறுகள் எல்லாம் கீழே ஒரு வளையத்தில் வந்து சேரும். அந்த வளையத்தைக் கையால் பிடித்துத் தொங்க வேண்டும். சிலர் உட்காருவதற்குக் கயிற்றில் ஓர் ஊஞ்சல் கட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான்!

துணியின் உச்சியை மெல்லிய கயிற்றால் பலூனோடு கட்டியிருப்பார்கள். மேலே போனதும் வீரர் பலூனை விட்டுக் குதிப்பார். அவர் உடம்பின் பாரத்தால் அந்த மெல்லிய கயிறு அறுந்துவிடும். சில விநாடிகள் அவர் கல்லைப்போல விழுவார். துணி சுருங்கியே இருக்கும். பிறகு காற்று உள்ளே புகுந்து படீரென விரியும். விரிந்தால் உயிர். விரியாவிட்டால் காக்கிங்கின் கதிதான்.

துணி விரியும்போது கைகளில் ஒரு பெரிய இழுப்பு விழும். சாதாரண மனிதனுக்குப் பிடி நழுவிவிடும். பாரில் தொங்கிப் பழகிய சட்டர்ஜியின் கைகள் இங்கேதான் உதவின.

துணி இல்லாமல் விழும் மனிதன் மணிக்குச் சுமார் 120 மைல் வேகத்தில் தரையில் மோதுவான். நல்ல பாரசூட் இருந்தால் அது 15 மைலுக்குள் அடங்கிவிடும். ஆளுயரச் சுவரில் இருந்து குதித்த அதிர்ச்சி மட்டுமே இருக்கும்.

துணியின் உச்சியில் ஒரு துவாரமும் வேண்டும். 1797-ம் ஆண்டில் பாரீஸ் நகரில் கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் குதித்தபோது துவாரம் வைக்கவில்லை. உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழி தெரியாமல், விளிம்பு வழியாகப் பீறிட்டது. பாரசூட் ஊஞ்சல்போல அங்கும் இங்கும் ஆடிற்று. கார்னரினுக்குக் குமட்டல் எடுத்தது! துணி விஷயம் என்றால் சின்னாளப்பட்டி நெசவாளருக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை. இழை நெருக்கமாக இருக்க வேண்டும். கனமும் கூடாது. ஓரத்தையல் பிரிந்தால் எல்லாம் போயிற்று.

1890-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி வந்தது. கல்கத்தா டிவோலி தோட்டத்தில் கூட்டம். பலூன் எழுந்தது. கீழே இருந்தவர்களுக்குச் சட்டர்ஜி ஒரு புள்ளியாகத் தெரிந்தார். அந்தப் புள்ளி பலூனை விட்டுப் பிரிந்தது. விழுந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைக் குடை விரிந்தது!

சட்டர்ஜி தரையில் இறங்கி நின்றார்.

ஊர் ஊராக

அதன் பிறகு அவர் சொந்தமாகப் பலூன் கம்பெனி நடத்தினார். அலகாபாத், லாகூர் என்று வடநாட்டு நகரங்களுக்குப் போனார். ஒவ்வொரு ஊரிலும் மக்கள் கூடினார்கள். நம்மைப் போன்ற ஒருவர் வானத்துக்குப் போய்வருவதை அந்த மக்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டார்கள்.

ஆனால், காற்றுக்கு யஜமான் யாரும் இல்லை. ஒரு பயணத்தில் அவருடைய பலூன் பாறைகள் நிறைந்த மலைப்பகுதியில் போய் இறங்கியது. சட்டர்ஜிக்குப் பலத்த காயம். கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிழைக்கவில்லை. 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் உயிர் பிரிந்தது. பாரசூட்டில் குதித்து, முழுதாக இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை.

பிற்காலத்தில் பாரசூட் வேடிக்கைப் பொருளாக இல்லாமல், விமானிகளின் உயிர்க்காவல் ஆயிற்று. 1922-ம் ஆண்டில் அமெரிக்க விமானி ஹாரிஸ் நொறுங்கிய விமானத்தில் இருந்து குதித்துத் தப்பினார். இப்படிப் பிழைத்தவர்களுக்கு ஒரு சங்கமே ஏற்பட்டது. அதன் பெயர் கம்பளிப்புழுச் சங்கம்! பாரசூட்டுக்குப் பட்டு கொடுத்தது புழுதானே!

இந்தியப் பட்டாளத்தில் பாரசூட் படை 1941-ம் ஆண்டில் உருவாயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, கராச்சியில் விமானத்தில் இருந்து இந்திய வீரர்கள் முதன்முதலாகக் குதித்தார்கள். அந்த முதல் இருவரில் ஒருவர் அவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் தமிழர். பெயர் ஏ.ஜி. ரங்கராஜ். அந்தப் படையின் டாக்டர்!