மின்சாரத்தின் கரை கண்ட மைக்கேல் பாரடே

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மம்சாபுரம் என்னும் ஊர் உளது. கிணற்று நீரைக் கொண்டு பயிர் செய்வோர் அங்கே பலர். பயிருக்கு நீர் பாய வேண்டிய கோடை நாளில் கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிடுமாயின், அவர் படும் பாட்டைக் கண்டாரே அறிவர். அதனைக் கழற்றி, வண்டியிலேற்றி, காயில் கட்டுமிடத்திற்குக் கொண்டு செல்கின்றனர். காயில் கட்டுபவர் அதனைத் திறந்து பார்க்கின்றார். இரும்பு பழுதின்றி இருக்கின்றது. செம்புக் கம்பியும் பெரும்பாலும் உருக்குலையாமலே இருக்கின்றது. கரிந்து போனவை எவை? கம்பியின்மேற் பூசியிருந்த மெல்லிய வார்னிஷும், இரும்பின் பள்ளங்களில் மடித்து வைத்திருந்த தாளும், கம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருந்த நூல் நாடாவுமே. அற்பமெனத் தோன்றும் இம்மூன்றும் அழிந்தமையால் இயந்திரம் முழுதும் பயனற்றதாயிற்று, வயலும் வாடிற்று.

வாய்க்காலுக்கு நீர் எத்துணை வேண்டுமோ அத்துணை வேண்டுவது கரை. கரை உடைந்தால் நீர் இருந்தும் பயனில்லை. மின்சாரத்திற்குச் செம்பு வழியாகும். அவ்வழியினின்று அது விலகாதவாறு தடுத்து நிறுத்தும் பொருள்களே கரையாகும். இவற்றை மின்காப்புப் பொருள்கள் என்பர். மின்சாரத்தை இயந்திரத்தினின்று பிறப்பிக்க வழி கண்டவர் என்று மைக்கேல் பாரடேயை உலகம் போற்றுகின்றது. அவர் ஓட்டத்தை மட்டுமன்றிக் கரையையும் ஆராய்ந்தவர் என்பதை நம் மாணவருட் பலர் அறியார். ஆதலின் அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரிற் சுருக்கிக் கூறப் புகுந்தோம்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், லண்டன் மாநகரின் தென்புறத்தே நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு கொல்லர், நோயாளி. ஆதலின் குடும்பம் வறுமையில் உழன்றது. 1801-இல் தானிய விலை மிக ஏறியபோது, சிறுவனாகிய மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கென ஒரே ரொட்டி அளிக்கப்பட்டதென்பர். எழுதவும் படிக்கவும் சிறிது கணக்கிடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் எடுபிடி வேலைக்கு அமர்ந்தார். அடுத்த ஆண்டில் அவரிடமே புத்தகம் கட்டும் தொழிலைப் பழகலானார். கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் கட்டியதோடு நில்லாமற் படித்தும் வந்தார். கலைக்களஞ்சியமொன்றில் மின்சாரத்தைப் பற்றி எழுதியிருந்த கட்டுரையும், மார்செட் அம்மையார் இயற்றிய ரசாயன நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கிடைத்த சில காசுகளைக் கொண்டு சிறு மின்கருவிகளைச் செய்து, நூலிற் கண்டது மெய்யோ என்று தம் கையாற் சோதித்துப் பார்ப்பாராயினர். பிறர் சொல்லைக் கேட்டு அமையாது தாமே செய்து தெளிதல் என்னும் இவ்வழக்கம் அவர் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

1812-இல் அவருக்கு நற்காலம் பிறந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கழகத்தில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்க, கடைக்கு வந்த ஒருவர் அனுமதிச் சீட்டு உதவினார். கேட்டவற்றையெல்லாம் பாரடே படங்களோடு எழுதி, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி, டேவிக்கு அனுப்பி, வேலை தர வேண்டினார். 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள் அவருக்கு அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் பதவி கிடைத்தது. சம்பளம் வாரம் 25 ஷில்லிங். குடியிருக்க மாடியில் இரண்டு அறைகள். அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றார். டேவியின் மனைவியார் அவரைப் பணியாள்போல் நடத்தினாராயினும், ஆம்பியர், வோல்ட்டா முதலிய அறிஞரைக் காணும் பேறு அப்பயணத்தால் வாய்த்தது. 1815-இல் திரும்பி வந்து ஆய்வுக்கூடத்தில் மீண்டும் அமர்ந்தவர், தம் பணிக்காலம் முழுவதையும் அக்கழகத்திலேயே கழித்தார்.

மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புமென்று 1820-இல் எர்ஸ்டெட் என்பார் கண்டார். மறு ஆண்டிலேயே பாரடே, மின்சாரத்தால் ஒரு கம்பி காந்தத்தைச் சுற்றி இடைவிடாது சுழலுமாறு செய்து காட்டினார். இன்று மம்சாபுரத்துக் கிணற்றில் நீரிறைக்கும் மோட்டாருக்கு முன்னோன் அதுவேயாம். எனினும் மின்சாரத்தாற் காந்தம் பிறக்குமாயின் காந்தத்தால் மின்சாரம் பிறவாதோ என்னும் வினா அவரை விட்டபாடில்லை. பத்தாண்டுகள் சென்றபின், 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் விடை கிடைத்தது. ஆறங்குல அகலமுள்ள இரும்பு வளையமொன்றின் ஒரு பாதியில் ஒரு கம்பிச் சுருளும், மறுபாதியில் மற்றொரு சுருளும் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் மின்சாரம் கணநேரம் தோன்றி மறைந்தது. இன்றைய டிரான்ஸ்பார்மரின் தாய் இவ்வளையமே.

இங்கே நம் மாணவர் ஒன்றைக் கருத வேண்டும். மேலே பூச்சுள்ள கம்பி அந்நாளிற் கடையில் விற்கப்படவில்லை. வெறும் செம்புக் கம்பியைச் சுற்றினால் ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொடும். மின்சாரம் குறுக்கு வழியிற் பாய்ந்துவிடும். சுற்றுகள் எத்தனை இருந்தும் ஒன்றேபோலாகும். ஆகவே பாரடே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே சணற்கயிற்றை ஓடவிட்டார். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே கலிகோ என்னும் பருத்தித் துணியை விரித்தார். அவ்வாண்டின் வேறொரு சோதனையில் 203 அடி நீளமுள்ள இரு கம்பிகளை மரக்கட்டையொன்றின்மேல் இவ்வாறே கயிறு இடையிட்டுச் சுற்றினார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்பார் அக்காலத்திலேயே கம்பிக்குப் பட்டு சுற்றிப் பெரிய மின்காந்தங்களைச் செய்து வந்தார். கலிகோ என்னும் பெயர் மலையாள நாட்டுக் கோழிக்கோட்டின் பெயரினின்று பிறந்ததாகும். வரலாற்றில் ஒளிவிடும் அவ்வளையத்தில் செம்பும் இரும்பும் பேசப்படுகின்றன. அவற்றைப் பயன்படச் செய்த கயிறும் துணியும் பேசப்படுவதில்லை.

இக்காலத்தே அவர்முன் இரு வழிகள் நின்றன. தொழிலதிபர்க்கும் வழக்குமன்றங்கட்கும் ரசாயன ஆலோசனை கூறி அவர் நல்ல வருவாய் பெற்று வந்தார். விரும்பியிருந்தால் அது பன்மடங்காகப் பெருகியிருக்கும். ஆயினும் ஆராய்ச்சிக்கு வேண்டிய நாள்களை அது கவர்வதைக் கண்டு, அவ்வருவாயைப் பெரும்பாலும் துறந்தார். துறந்து பெற்ற நாள்களிலேதான் மின்காப்புப் பொருள்களைப் பற்றிய அவருடைய அரிய ஆராய்ச்சி பிறந்தது.

மின்சாரத்தைக் கடத்தாத பொருள் வெறுந்தடையே, அதனுள் யாதும் நிகழ்வதில்லை என்பதே அந்நாளைய அறிஞர் பலர் கொள்கை. பாரடே இதனை ஐயுற்றார். 1837-இல் பித்தளைக் கோளமொன்றனுள் மற்றொரு சிறு கோளத்தை அரக்குத் தண்டினால் தாங்க வைத்து, இரண்டிற்கும் இடையே வெளி இருக்குமாறு ஒரு கருவி செய்தார். அதனை ஒத்த இரண்டாவது கருவியும் செய்தார். ஒன்றன் இடைவெளியிற் காற்றும், மற்றொன்றில் அரக்கும் இருக்கச் செய்து, ஒன்றிற் சேர்ந்த மின்சாரத்தை மற்றொன்றோடு பங்கிட்டு அளந்தார். பங்கு சமமாக இல்லை. அரக்குள்ள கருவி மிகுதியாகக் கொண்டது. அதன் ஏற்குந் திறம் காற்றைப்போல ஏறத்தாழ இருமடங்கெனவும், கந்தகத்தினுடையது அதற்குச் சற்று மேலெனவும் அவர் கணக்கிட்டார். பிற்காலக் கருவிகள் இவ்வளவுகளை உயர்த்தியபோதிலும் உண்மை நிலைத்தது. தடுத்து நிற்கும் பொருள் வாளா நிற்பதில்லை. மின்விசையைத் தன்னுள் ஏற்று, அதனால் இறுக்கமுற்று, அதனைத் தாங்கி நிற்கின்றது. அத்தகைய பொருளுக்கு டைஎலெக்ட்ரிக் என்னும் பெயரை, பாரடே கேட்டவண்ணம், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹ்யூவெல் வகுத்தளித்தார். மின்சாரத்தைத் தேக்கும் திறத்தின் அளவைக்குப் பாரட் என்று பிற்காலத்தார் பெயரிட்டனர்.

இவ்வுண்மை இன்றைய பெரும் மின்னியந்திரங்களுக்கு எவ்வாறு பயன்படுகின்றது என்பதைச் சிறிது கூறுவோம். கிணற்று மோட்டார் 415 வோல்ட்டில் ஓடுவது. மின்னுற்பத்தி நிலையத்து இயந்திரமோ 11,000 வோல்ட்டும் அதற்கு மேலும் பிறப்பிப்பது. அங்கே செம்பிற்கும் இரும்பிற்கும் இடையே நிற்கும் காப்பின் கனம் சில மில்லிமீட்டரே. அதனுள்ளே மயிரிழையளவு காற்றுக் குமிழியொன்று தங்கிவிட்டதென்று கொள்வோம். மைக்காவின் ஏற்குந் திறம் காற்றைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆதலின் மைக்கா தாங்கும் இறுக்கத்தைப்போல அத்தனை மடங்கு இறுக்கம், தட்டையான அக்குமிழியின்மேற் சாரும். காற்றோ ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டிற்கு மேல் தாங்காது. குமிழியினுள் சிறு பொறிகள் இரவும் பகலும் எழுந்து சூழ்ந்துள்ள பசையை அரித்துத் தின்னும். இதனாலன்றோ மைக்கா நாடா சுற்றிய சுருள்களை மூடிய கலத்திலிட்டு, காற்றை உறிஞ்சி நீக்கி, பிசினை அழுத்தத்தோடு உட்செலுத்திப் பதப்படுத்துகின்றனர். வெறுந்தடை என்று எண்ணியிருந்தால் இக்குமிழியின் தீமை எவர்க்கும் விளங்கியிராது.

இத்தொழிலில் நம் நாட்டின் பங்கு பெரிது. இந்நாள் ஜார்க்கண்டைச் சேர்ந்த கோடர்மாவிலும், அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ப் பகுதியிலும் தோண்டிய மைக்காத் தகடுகள் உலகெங்கும் சென்றன. சோட்டா நாகபுரிக் காடுகளின் அரக்கு, அத்தகடுகளை ஒட்டும் பசையாயிற்று. பாரதத்தில் அரக்கு மாளிகை தீக்கிரையான கதையை அறிந்த நமக்கு, அரக்கு வெப்பத்திற்கு ஆற்றாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அரக்கிற்கு மாற்றுத் தேடிய பேக்லண்டு என்பார் 1907-இல் பேக்கலைட்டைக் கண்டார். இன்று கண்ணாடி நூலும் மைக்காவும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த காப்புகள் வழங்குகின்றன. பருத்தியும் தாளும் வார்னிஷில் தோய்ந்த காப்பு 105 பாகை வெப்பம் வரையிலும், எப் வகுப்புக் காப்பு 155 பாகை வரையிலும், எச் வகுப்புக் காப்பு 180 பாகை வரையிலும் தாங்கும். வரம்பிற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு.

மலேயாக் காட்டு மரமொன்றின் பாலாகிய கட்டாபெர்ச்சா 1843-இல் லண்டனுக்கு வந்தது. அது மின்காப்பிற்குச் சிறந்ததென்று பாரடே 1848-இல் எழுதி வெளியிட்டார். அதனைப் போர்த்த கம்பி 1851-இல் இங்கிலாந்திற்கும் பிரான்சிற்கும் இடையே கடலடியில் இடப்பட்டது. நெடுங்கம்பிகளிற் செய்தி தாமதித்துச் செல்வதன் காரணத்தையும், காப்பானது மின்சாரத்தைத் தேக்கிக் கொள்வதே என்று அவர் விளக்கினார். 1858-இல் அட்லாண்டிக் பெருங்கடலில் இட்ட கம்பி சில வாரங்களே பேசிற்று. ஏற்கெனவே பழுதுற்றிருந்த காப்பின்மேல் ஏறத்தாழ 2,000 வோல்ட்டு அழுத்தத்தை ஏற்றியதால் அது முற்றும் உடைந்தது. பெருஞ்செல்வம் கடலுள் மாய்ந்தது. 1866-இல்தான் நிலையான தொடர்பு அமைந்தது.

இனி அவருடைய குணநலத்தைக் கூறுவோம். பாரடே சாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அதன் மூப்பராக இருமுறை பணியாற்றினார். 1835-இல் அரசாங்க உபகாரச் சம்பளத்தைப் பற்றி முதல் மந்திரி இழிவாகப் பேசியபோது அதனை மறுத்துவிட்டு, அவர் வருத்தம் தெரிவித்த பின்னரே ஏற்றார். நைட் பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைமையையும் வேண்டாவென்றார். ஆனாற் கலங்கரை விளக்கங்களைச் சீர்திருத்தும் பணியைச் சிறு ஊதியத்திற்கு ஆண்டுக்கணக்காகச் செய்தார்; கிறிஸ்துமஸ் நாள்களிற் சிறுவர்க்கு விஞ்ஞானம் உரைப்பதைப் பெரும் பேறாகக் கருதினார்.

அவர் மனமும் ஓயாத உழைப்பின் வெப்பத்திற்கு ஆட்பட்டது. 1840-ஐ அடுத்த ஆண்டுகளில் தலைச்சுற்றலும் மறதியும் மிகுந்து, ஆராய்ச்சியைப் பெரும்பாலும் நிறுத்த நேர்ந்தது. மனைவியார் சாராள் அம்மையார் உடனிருந்து காத்தார். ஓய்ந்து தேறியவர், 1845-இல் முன்னர்த் தாமே காய்ச்சியிருந்த கனத்த கண்ணாடித் துண்டொன்றைக் கொண்டு, காந்தம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதைக் கண்டார். மறதி மீண்டும் வந்தது. அதனை மறையாது, வேலைகளை ஒவ்வொன்றாகப் பிறரிடம் ஒப்புவித்து விலகினார். 1858-இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் வீடொன்று அளித்தார். அங்கே 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், தம் நாற்காலியில் அமர்ந்தவாறே அமைதியாய் உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் ஆடம்பரமற்ற ஒரு கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.

மம்சாபுரத்திற்கு மீள்வோம். காயில் கட்டுபவர் புதுத் தாளை மடித்து வைத்து, கம்பியைச் சுற்றி, நாடாவாற் கட்டி, வார்னிஷ் ஊற்றி உலர்த்துகின்றார். தாளின் கனத்திற் சிறிது குறைத்தாலும், ஈரம் உலருமுன் அவசரப்பட்டாலும் அன்று எவரும் அறியார்; வரும் கோடையில் வயல் அறியும். கொல்லர் மகனும் புத்தகம் கட்டியவருமாகிய பாரடே இவ்வேலையைக் கண்டிருப்பின் தம் வேலையென்றே மதித்திருப்பார். நம் கல்லூரி மாணவருட் சிலர் நாளைப் பெரும் இயந்திரங்களை ஆள்வர். பலர் வேறு தொழில்களிற் புகுவர். எத்தொழிலாயினும் ஓடுவதைப் புகழ்வோர் பலராவர். தாங்குவதைக் காப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராதலே பாரடேக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.