பிரித்துப் போட்டுப் படித்தவர்



போன செமஸ்டர் பிராக்டிகல் எக்ஸாம் அன்று காலை நானும் என் கிளாஸ்மேட்டும் ஒரே பைக்கில் கிளம்பினோம். ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரியை நெருங்கும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி பொசுக்குனு நின்னுடுச்சு. ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, செல்ஃப் சுவிட்சை அழுத்தினால் சத்தமே இல்லை. கிக்கரை உதைத்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம், ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தோம். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. இதே வயரிங் டயக்ராமை ரெக்கார்டு நோட்டில் கலர் பென்சிலால் வரைந்து முழு மார்க் வாங்கியவர்கள் நாங்கள்!

ரோட்டோர மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். கையில் ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு வயர், அவ்வளவுதான். பேட்டரியின் இரண்டு முனையிலும் வயரை வைத்தார், பல்பு எரிந்தது. பேட்டரி நல்லா இருக்கு. அடுத்து ஒரு வயரை பாசிட்டிவ் முனையிலேயே விட்டு, மற்றொன்றை எஞ்சின் பாடியில் வைத்தார், எரியவில்லை. ஆக, எர்த் போய்விட்டது. நெகட்டிவ் வயர் பாடியில் சேரும் போல்ட் துருப்பிடித்து லூசாகிக் கிடந்தது. சுரண்டி, இறுக்கி, வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். இரண்டே நிமிஷம்! பத்து நிமிஷம் லேட்டாகப் போனோம், நல்லவேளை உள்ளே விட்டார்கள். ஆனால் அந்த வெட்கம் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து என் மனதில் வந்து நிற்பவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் ஜி.டி. நாயுடு.

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. வாலிப வயதில் ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தயாரான ரட்ஜ் வண்டி அது. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டி! அன்று பிடித்த ஆசை அவரைத் தூங்கவிடவில்லை.

கையில் காசில்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். எச்சில் இலை எடுக்கும் இடமாயிற்றே என்று கூச்சப்படவில்லை. காசுக்குக் காசு சேர்த்து அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை! வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த காலேஜ்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் பேட்டரி கிடையாது நண்பர்களே. மேக்னெட்டோ என்ற கருவி எஞ்சினோடு சேர்ந்து சுழன்று தானே மின்சாரம் உண்டாக்கும். அதன் பாயிண்ட் திறக்கும் நொடியில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகத் தெறிக்கும். பொறி வரவில்லை என்றால் பிளக், பிளக் வயர், பாயிண்ட், மேக்னெட்டோ என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போய்த்தான் பழுதைப் பிடிக்க வேண்டும். வண்டியைப் பிரித்துப் பார்த்தவனுக்கு அந்தப் பாதை மனப்பாடம். பார்க்காதவனுக்கு எல்லாமே இருட்டு.

மெக்கானிக்காகத் தொழிலைத் தொடங்கிய நாயுடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ்ஸாகி, யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. முதலாளி ஆகிவிட்டோமே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. மோட்டார்களோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் என்று கோவைக்காரர்கள் இன்றும் மார்தட்டுவது இதைத்தான். பேட்டரி செல்லில் ஓடும் சின்ன மோட்டார் வைத்து ரசாந்த் என்ற ஷேவிங் ரேசரையும் உருவாக்கினார்.

இனி நம்மைத் தொடும் செய்தி. அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. அந்தக் கல்லூரிதான் பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நம் அண்ணன்மார் சொல்லும் ஜி.சி.டி. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் அதற்குப் பிரின்சிபால்! நாலு வருஷப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்பது அவர் கட்சி. அன்றைய வெள்ளைக்கார அரசு ஏற்கவில்லை. பதவி பெரிதா, கொள்கை பெரிதா? பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறினார்.

இதைப் படித்துவிட்டு, அப்போ கிளாஸைக் கட் அடிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! அவர் வெறுத்தது படிப்பை அல்ல, கை படாத படிப்பை. படிப்பை வெறுத்தவராக இருந்தால் கல்லூரி கட்ட எதற்குப் பணம் கொடுக்கிறார்?

1974 ஜனவரி 4 அன்று ஜி.டி. நாயுடு மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் எத்தனையோ மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. அவற்றில் ஒன்று திடீரென்று நின்றுபோனால் இறங்கிப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

நண்பர்களே, என் பேக்கில் இப்போது கால்குலேட்டர் பக்கத்தில் ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பும் இரண்டு வயரும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் அனுமதி வாங்கி, எங்கள் பழைய வண்டியின் சீட்டைக் கழற்றி, ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ரெக்கார்டு நோட்டில் வரைந்த படம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. நீங்களும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மறுபடி பூட்டும்போது ஒரு நட்டு மிஞ்சினால் பயப்படாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது!